எல் அலமெய்னில் ஓடாத கடிகாரம்: ஒரு சாப்பர் குடும்பத்துக் கைக்கடிகாரத்தின் பின்னணியைத் தேடிய நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பத்தினரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர், ஊர், படை எண், கடிகாரத்தின் முழு எண் ஆகியவற்றைத் தவிர்த்திருக்கிறேன். மற்றவை நடந்தபடியே.

## பின்னணி

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்தில், வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 46 வயதுப் பெண்மணி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக் கைக்குட்டையில் முடிந்து ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்திருந்தார். அது அவருடைய தாத்தாவுடையது. தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பட்டாளத்தில் இருந்தவர்; பெயர்த்தி சிறுமியாக இருக்கும்போதே காலமாகிவிட்டார்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை இது. 1942-இல் எகிப்தின் எல் அலமெய்ன் சண்டைக்கு முன் வெள்ளைக்கார மேஜர் ஒருவர் தம் கையிலிருந்து கழற்றித் தாத்தாவுக்குக் கொடுத்த கடிகாரம். இரவு 9.40-க்கு எல்லாப் பீரங்கிகளும் ஒரே நேரத்தில் முழங்கியபோது தாத்தா இதன் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னிடம் வந்த காரணம் வேறு. பழைய கடிகாரங்கள் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர், எல் அலமெய்ன் கதையை உறுதிசெய்து யாராவது கடிதம் எழுதித் தந்தால் சாதாரண விலையைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் பணத்தேவை இருந்தது. நான் கடிகாரம் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. ராணுவக் கடிகாரங்களின் பின்னணியைத் தேடித்தருவதை இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஆகவே என் கடிதம் செல்லும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கதை நம்பக்கூடியதாகவே இருந்தது. எல் அலமெய்னில் போரிட்ட 4-ஆவது இந்திய டிவிஷனின் பொறியாளர் படைப்பிரிவுகளில் மெட்ராஸ் சாப்பர்ஸின் 12-ஆவது ஃபீல்ட் கம்பெனியும் 11-ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியும் இருந்தன. பீரங்கித் தாக்குதல் 1942 அக்டோபர் 23 இரவு 9.40-க்குத் தொடங்கியது என்பதும் சரி. 'தம்பி' என்று பட்டாளமெங்கும் அழைக்கப்பட்ட இந்த வீரர்களில் பலர் வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள். கதை மெய்யாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன். அந்த விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இந்த வேலையில் ஆளை வழிதவறச் செய்வது அதுதான்.

## முதல் நாள்: வெளியே தெரிந்தவை

ஒமேகா கடிகாரம். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், ஆறு மணி இடத்தில் தனியாக ஒரு சிறு நொடி வட்டம். பன்னிரண்டுக்குக் கீழே அகன்ற அம்புக்குறி. பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கு நூற்றாண்டுகளாக இடப்பட்டுவந்த முத்திரை அது. முள்ளிலும் எண்களின் ஓரத்திலும் பூசிய ரேடியம் காய்ந்து, பழம்புளி நிறத்துக்கு வந்திருந்தது. சாவி கொடுத்ததும் ஓடியது.

பின்மூடியில் மறுபடியும் அம்புக்குறி, அதன் கீழ் மூன்று டபிள்யூ எழுத்துகள், அதற்குக் கீழ் 'ஒய்' என்ற எழுத்தோடு தொடங்கும் ஐந்து இலக்க எண், பிறகு நீளமான இன்னோர் எண். பெயர்த்தியின் தம்பி அந்த 'ஒய்' எண்ணைத் தாத்தாவின் படை எண் என்று நம்பி, அதை வைத்தே பல மாதங்கள் தேடியிருக்கிறார். மூன்று டபிள்யூவுக்கு 'உலகப் போர்' என்று பொருள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

இரண்டும் தவறு. 'வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்' என்பதன் சுருக்கமே மூன்று டபிள்யூ. ராணுவப் பண்டகசாலைகளில் பொருளின் பெயர் முதலில் வரும், தன்மை பின்னால் வரும். அதனால்தான் இந்த வரிசை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளுக்கென்று ஒரே இலக்கணத்தில் கடிகாரம் கேட்டது. கறுப்பு டயல், 15 கற்கள் பதித்த மெஷின், நீர் புகாத கூடு, உடைந்து சிதறாத கண்ணாடி, இருட்டில் ஒளிரும் முள். சுவிட்சர்லாந்திலிருந்து பன்னிரண்டு பெயர்களில் அது வந்தது: பியூரன், சைமா, எடெர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர் லகூல்ட், லெமானியா, லாஞ்சின்ஸ், ஒமேகா, ரெக்கார்ட், டிமோர், வெர்டெக்ஸ். 'ஒய்' வரிசை ஒமேகாவுக்கு உரியது. அந்த எண் கடிகாரத்தின் பண்டகசாலை எண்ணே தவிர, அதைக் கட்டிய மனிதரின் எண் அன்று. எந்த எண் எந்த வீரருக்குப் போனது என்று சொல்லும் பொதுப் பதிவேடு எதுவும் இல்லை.

முக்கியமான செய்தி இதற்குள்ளேயே இருந்தது. இந்த வகைக் கடிகாரங்கள் படைகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் 1945-இல். எல் அலமெய்ன் நடந்தது 1942-இல்.

அன்று நான் செய்த ஒரு காரியத்தை இங்கே பதிய வேண்டும். வார் மாட்டும் கம்பிகள் இந்த வகையில் கூட்டோடு சேர்ந்தவை, கழற்ற முடியாது. தோல் வார் கம்பியைச் சுற்றித் தைக்கப்பட்டிருந்தது. பின்மூடியைத் திறப்பதற்காக அதைக் கத்தரியால் வெட்டினேன். ஒரு பாதியைக் குப்பையில் போட்ட பிறகுதான், மற்றப் பாதியின் மடிப்புக்குள் ஏதோ கடை முத்திரையின் கடைசி இரண்டு எழுத்துகள் இருப்பது தெரிந்தது. முதல் எழுத்துகள் போய்விட்டன.

## பின்மூடிக்குள்

ரேடியம் பூசிய கடிகாரத்தைத் திறப்பதில் கவனம் வேண்டும். ஒளிர வைக்கும் துத்தநாகக் கலவை சில ஆண்டுகளில் களைத்துப்போகும். இருட்டில் மினுங்குவது நின்றுவிடும். ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். மினுங்காததால் ஆபத்து இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. உதிர்ந்த தூள் மூக்கிலோ வாயிலோ போய்விடக்கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, டயலைத் தொடாமல் பின்மூடியை மட்டும் எடுத்தேன்.

உள்ளே செம்பு நிற மெஷின். ஒமேகாவின் 30 டி 2 வகை. அதன் வரிசை எண் ஒரு கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. ஒமேகா தன் மெஷின்களுக்கு ஒரே தொடராக எண் இட்டு வந்தது. ஒரு கோடியை எட்டியது ஏறத்தாழ 1944-இல். ஆக, 1942 அக்டோபரில் இந்த மெஷின் செய்யப்படவே இல்லை. வெளியே இருந்த மூன்று டபிள்யூ சொன்னதை உள்ளே இருந்த எண் தனியாக உறுதிசெய்தது. மூடியில் உள்ள எண்களும் எழுத்துகளும் அந்தக் காலத்துக்கும் ஒன்றுக்கொன்றும் பொருந்தின. பிற்காலத்தில் ஒட்டவைத்த கலவைக் கடிகாரம் என்று ஐயுற இடமில்லை.

டயலும் ஒன்று சொன்னது. பிரிட்டிஷ் ராணுவத்திலேயே தங்கிவிட்ட இந்த வகைக் கடிகாரங்கள் பலவற்றில், பிற்காலத்தில் ரேடியம் டயலை நீக்கிவிட்டு, வட்டத்துக்குள் 'டி' எழுத்து இட்ட டிரிடியம் டயலை மாற்றினார்கள். இதில் ஆதி ரேடியம் டயல் அப்படியே இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பட்டறைகளிலிருந்து இது சீக்கிரமே வெளியேறிவிட்டது என்று கொள்வது பொருத்தம்.

பின்மூடியின் உட்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழுதுபார்த்தவர் தம் அடையாளத்தையும் தேதியையும் ஊசி முனையால் கீறிவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மூன்று கீறல்கள் இருந்தன. ஒன்று தேய்ந்து படிக்க முடியவில்லை. இன்னொன்றில் '61' மட்டும் தெளிவு. மூன்றாவது, கடுகளவு எழுத்தில், 'கி 14-9-53'. 'கி' என்பதைத் தமிழ் எழுத்திலேயே கீறியிருந்தார் அந்த மெக்கானிக். ஆக, 1953 செப்டம்பரில் இந்தக் கடிகாரம் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரின் மேசைமேல் திறந்து கிடந்திருக்கிறது. அன்று மாலை முழுவதும் அந்த ஓர் எழுத்தை நான் உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

## முதல் முடிவு

கடிதம் எழுத முடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அதைப் பெயர்த்தியிடம் எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி. வியாபாரி பதினைந்து நாள் கெடு வைத்திருந்தார். ஆகவே அன்று மாலையே தொலைபேசியில் சொன்னேன்: இந்தக் கடிகாரம் எல் அலமெய்னில் இருந்திருக்க முடியாது, செய்யப்பட்டதே 1944-க்குப் பிறகுதான்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் தாத்தா பொய் சொன்னாரா சார்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. கடிகாரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன், உங்கள் தாத்தாவைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது என்றேன். அந்தப் பதில் போதாது என்று எனக்கே தெரிந்தது. எனவே வேலையைக் கடிகாரத்தோடு நிறுத்தாமல் தாத்தாவின் போர்க்காலத்தைத் தனியாகத் தேடிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். கெடு முடியும்வரை வியாபாரியிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும், வீட்டில் பட்டாளத்தோடு தொடர்புடைய எதுவாக இருந்தாலும், துருப்பிடித்ததோ கிழிந்ததோ, எடுத்துவைக்கும்படியும் கேட்டுக்கொண்டேன்.

## பரணில் இருந்த தகர டப்பா

பத்து நாள் கழித்து அவர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் கிடந்ததாம். பொத்தான்கள், ரேஷன் அட்டை ஒன்று, கம்பி அறுந்த மூக்குக்கண்ணாடி. இவற்றுக்கு அடியில், பழந்துணியில் சுற்றி, மூன்று ஆறுமுனை நட்சத்திரங்களும் ஒரு வட்டப் பதக்கமும். பிள்ளைகள் சின்ன வயதில் கடை வைத்து விளையாடிய காசுகளாம் அவை. நாடாக்கள் பாதி உளுத்திருந்தன.

ஒரு நட்சத்திரத்தில் மணல் நிறம் இன்னும் மிச்சமிருந்தது. நடுவே சிவப்பு, ஒருபுறம் கருநீலம், மறுபுறம் வெளிர் நீலம். பாலைவனத்தின் நிறத்தைத் தரித்த ஆப்பிரிக்கா ஸ்டார். அதன் நாடாவில் '8-ஆவது ஆர்மி' என்று பொறித்த சிறு பட்டை தைக்கப்பட்டிருந்தது. 1942 அக்டோபர் 23-க்கும் 1943 மே 12-க்கும் இடையில் 8-ஆவது ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு மட்டுமே உரிய பட்டை அது. தொடக்கத் தேதி எல் அலமெய்ன் தாக்குதல் தொடங்கிய நாளேதான்.

மற்றவை 1939–45 ஸ்டார், இத்தாலி ஸ்டார், போர்ப் பதக்கம்.

நட்சத்திரத்தைத் திருப்பினேன். இந்தப் போரின் நட்சத்திரங்களைப் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியர்களுக்கு வழங்கியவற்றின் பின்புறத்தில் பெயர் பொறிக்கப்பட்டது. எலுமிச்சையோ புளியோ போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று பெயர்த்தியைத் தடுத்துவிட்டு, மெல்லிய துணியால் மட்டும் ஒற்றினேன். படை எண், பதவி, பெயர், சாப்பர்ஸ் என்பதன் சுருக்கம். பெயரின் ஆங்கில எழுத்துகளை அவர் விரலால் தடவிப் படித்தார். தாத்தாவின் பெயர்தான். தம்பி பல மாதம் தேடிய படை எண் அங்கே இருந்தது.

கடிகாரம் பல ஆண்டுகளாகக் கண்ணாடி அலமாரியில் இருந்தது, இவை பரணில். வேலை செய்யும் முறை பற்றி எனக்கு இந்த நிகழ்வு கற்பித்தவற்றில் இதுவே பெரிது. நாம் கடிகாரத்தின் வழியாக வீரரைத் தேடுகிறோம். ஆனால் அரசு கொடுத்த கடிகாரத்தில் வீரரின் பெயர் இருக்கவே இருக்காது. பெயர் இருக்கும் பொருள் வேறு எங்கோ கிடக்கும்.

## காகிதங்கள்

படை எண் கிடைத்ததும் வழி திறந்தது. வாரிசு என்ற முறையில் பெயர்த்தி பெங்களூரில் உள்ள சாப்பர்ஸ் ஆவணப் பிரிவுக்கு எழுதினார். 1936-இல் சேர்ந்தார், 1947-இல் விடுவிக்கப்பட்டார், போர்க்காலத்தில் 12-ஆவது ஃபீல்ட் கம்பெனியில் இருந்தார் என்ற விவரங்கள் வந்தன. லண்டனில் இருக்கும் என் நண்பர் ஒருவர் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், மத்தியக் கிழக்குப் படைகளின் போர் நாட்குறிப்புகள் உள்ள டபிள்யூ.ஓ. 169 தொகுப்பைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். நாட்குறிப்புகள் கம்பெனி எங்கே நகர்ந்தது, என்ன வேலை செய்தது என்று சொல்லும். அதிகாரிகளின் பெயர் வரும். சாதாரணச் சிப்பாயின் பெயர் வருவது அபூர்வம். தாத்தாவின் பெயர் இல்லை, கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

ஆனால் கம்பெனியின் பெயரும் நட்சத்திரங்களும் சேர்ந்தபோது தாத்தாவின் பாதையை வரைய முடிந்தது. 4-ஆவது டிவிஷன் எல் அலமெய்னில் ருவைசாட் மேட்டில் இருந்தது. 1943 ஏப்ரலில் துனீசியாவின் வாடி அகாரித். 1944 பிப்ரவரி, மார்ச்சில் இத்தாலியின் கசீனோ. அந்த ஆண்டின் இறுதியில் கிரேக்கம். சாப்பர்களின் வேலைகளில் ஒன்றான கண்ணிவெடி எடுப்பது என்றால் என்ன என்று பெயர்த்தியின் தம்பி கேட்டபோது, அதே டிவிஷனின் 11-ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிச் சொன்னேன். 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியின் மிஞ்ஞானோவில் வெடிக்கப்போன கண்ணியின்மேல் தம் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காத்தவர். இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றவர். அதற்கு மேல் தம்பி எதுவும் கேட்கவில்லை.

## ஒளிப்படம்

டப்பாவில் ஓர் ஒளிப்படமும் இருந்தது. கெய்ரோ ஸ்டூடியோ முத்திரை. பின்புறம் தமிழில், பென்சிலால், '1943'. இரு இளைஞர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வலப்புறம் இருப்பவர் தாத்தா. இடக் கையை முழங்கால்மேல் வைத்திருக்கிறார், மணிக்கட்டில் கடிகாரம்.

குடும்பம் இதை 'அந்தக் கடிகாரம்' என்றே நினைத்திருந்தது. உயர்ந்த துல்லியத்தில் நகலெடுத்துத் திரையில் பெரிதாக்கினேன். டயல் வெளிர் நிறம். நம் கையில் இருப்பதோ கறுப்பு. கூட்டின் காதுகளும் மெலிந்தவை.

அது எந்தக் கடிகாரம்? போரின் முற்பகுதியில் பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்த ஏ.டி.பி. ('ஆர்மி டிரேட் பேட்டர்ன்') முத்திரைக் கடிகாரங்களில் வெளிர் டயல் சாதாரணம். கெய்ரோ கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கக்கூடிய நூறு வகைகளிலும் வெளிர் டயல் சாதாரணம். எனவே அதற்குப் பெயர் வைக்கவில்லை. 1943-இல் தாத்தாவின் கையில் ஒரு கடிகாரம் இருந்தது, அது இது அன்று. படம் சொல்வது அவ்வளவே.

## அத்தை சொன்னது

பெயர்த்தியின் அத்தை, தாத்தாவின் மூத்த மகள், அப்போது 88 வயதில் இருந்தார். கண் மங்கியிருந்தது, நினைவு மங்கவில்லை. கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தபோது கட்டைவிரலால் டயலைத் தடவிவிட்டு, "இது அப்பாவின் இரண்டாவது கடிகாரம் அல்லவா கண்ணு?" என்றார்.

அவர் சொன்னதன் சுருக்கம்: பட்டாளத்திலிருந்து அப்பா கட்டிக்கொண்டு வந்தது வெள்ளை முகக் கடிகாரம். துரை கொடுத்தது என்று சொல்வார். அத்தையின் கல்யாணத்துக்குப் பணம் போதாமல் அதை விற்றுவிட்டார். பிறகு பல மாதம் வெறுங்கையோடு இருந்தார். பேசும்போது வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருப்பார். அடுத்த ஆண்டோ என்னவோ பட்டணத்துக்குப் போய், மூர் மார்க்கெட்டில் இந்தக் கறுப்புக் கடிகாரத்தை வாங்கி வந்தார். 'இதுவும் பட்டாளத்துக் கடிகாரந்தான், அம்புக்குறி பார்' என்று எல்லாருக்கும் காட்டினார்.

கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டேன். அத்தையின் டிரங்குப் பெட்டியில், முதல் புடவையின் மடிப்பில் இருந்தது: நந்தன வருடம் ஆவணி மாதம். அதாவது 1952. பின்மூடியில் கீறிய தேதி 14-9-53.

## எடைபோட்ட விதம்

பொருந்திவருவது வேறு, நிறுவப்படுவது வேறு. எழுதிக் கொடுத்த அறிக்கையில் செய்திகளை மூன்றாகப் பிரித்தேன்.

உறுதியானவை: கடிகாரத்தின் வகையும் காலமும், 1942-இல் இது இல்லை என்பது, 1953 செப்டம்பரில் தமிழ் அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் வந்தது, தாத்தா 12-ஆவது ஃபீல்ட் கம்பெனியோடு ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்தது, 1943-இல் வேறொரு கடிகாரம் கட்டியிருந்தது.

நம்பத்தகுந்தவை: போர் முடிந்தபின் இந்தியாவில் அரசு விற்றுத் தீர்த்த மிகைப் பொருள்களில் ஒன்றாக இது சந்தைக்கு வந்திருக்கலாம். இதைப் போர்க்காலத்தில் தாத்தாவுக்கே ராணுவம் கொடுத்தது என்பதற்கு இடம் குறைவு. அப்படிக் கொடுத்திருந்தால் பணி முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டிய அரசுச் சொத்து. முற்றாக விலக்கவும் முடியாது. 1945-இல் கம்பெனியில் சிலருக்கு இவ்வகை வந்திருக்கக்கூடும்.

சொல்லப்பட்டவை: மேஜர் பரிசு கொடுத்தது, அதைக் கல்யாணத்துக்கு விற்றது, மூர் மார்க்கெட்டில் வாங்கியது. இவற்றுக்குத் தாளில் சான்று இல்லை. ஆனால் 9.40 என்ற நேரமும் வெள்ளை முகக் கடிகாரமும் அத்தையின் வாக்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. விற்றுப்போன கடிகாரத்தின் கதை, வீட்டில் மிஞ்சிய கடிகாரத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதே என் முடிவு. தாத்தா பொய் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு முதல் கடிகாரத்தின் கதையைச் சொல்லும்போது அவர் கையில் கட்டியிருந்தது இரண்டாவது கடிகாரம்.

## பின்னர் நடந்தவை

அறிக்கையைப் பெயர்த்தி வியாபாரியிடம் காட்டினார். மூன்றாம் பகுதியை மட்டும் தனித் தாளில் எழுதித் தரும்படி வியாபாரி கேட்டார், நான் மறுத்தேன். விலையைக் குறைத்தார், பிறகு விலகிக்கொண்டார். அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பு அன்று. அந்த ஆண்டு அவர்கள் நகையை அடகு வைத்துச் சமாளித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என் மறுப்பால் வந்த விளைவையும் சேர்த்துத்தான் இந்த நிகழ்வைப் பதிகிறேன்.

தம்பி பல வாரங்கள் என்னிடம் பேசவில்லை. ஊரில் எல்லாரிடமும் எல் அலமெய்ன் கடிகாரம் என்று சொல்லிவைத்தவர் அவர். பிறகு ஒருநாள் அவரே ஆப்பிரிக்கா ஸ்டாரைச் சட்டம் போட என்ன நாடா வாங்க வேண்டும் என்று கேட்டு அழைத்தார். இப்போது நான்கு பதக்கங்களும் கூடத்தில் தாத்தாவின் படத்துக்குக் கீழே இருக்கின்றன. கடிகாரத்தை விற்கவில்லை. ரேடியம் இருப்பதால் தினமும் கட்ட வேண்டாம், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம், சாதாரணக் கடையில் திறக்க விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காற்றோட்டமான அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பொங்கலன்று மட்டும் சாவி கொடுக்கிறார்கள்.

## மறுபடி செய்தால்

முதலில் பதக்கத்தைக் கேட்பேன், பிறகுதான் கடிகாரத்தைத் திறப்பேன். பத்து நாளில் கிடைத்த படை எண் முதல் நாளே கிடைத்திருக்கும்.

வாரை வெட்ட மாட்டேன். வெட்டத்தான் வேண்டுமென்றால் இருபுறமும் படம் எடுத்து, ஒரு நூலைக்கூட எறியாமல் உறையில் இடுவேன். அந்தக் கடை முத்திரை மூர் மார்க்கெட்டைச் சேர்ந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. 1985-இல் அந்தச் சந்தையே எரிந்துபோனது.

மிகப் பெரிய பிழை அந்த மாலைத் தொலைபேசி அழைப்பு. கடிகாரம் 1944-க்குப் பிந்தியது என்று நான் பெயர்த்தியிடம் சொன்னேன்; அவர் இயல்பாகவே அத்தையிடம் சொல்லிவிட்டார். ஆகவே 'இரண்டாவது கடிகாரம்' என்று அத்தை சொன்னபோது, அது தானாக எழுந்த நினைவா, காதில் விழுந்த செய்திக்கு மனம் தேடிய விளக்கமா என்று பிரித்தறிய முடியவில்லை. பத்திரிகையும் கீறலும் அவர் சொன்னதற்குத் துணை நிற்கின்றன. இருந்தாலும் முதலில் அத்தையிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதன் பிறகே என் முடிவை வீட்டாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கெடு வைத்தவர் வியாபாரி. அந்த அவசரத்தை நான் என்னுடையதாக்கிக்கொண்டேன்.

அத்தையோடு பேசிய பதிவு 22 நிமிடங்கள் இருக்கிறது. வார், கடை, விலை, டயலின் நிறம் என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். பதினேழாவது நிமிடத்தில் அவர், "அந்தத் துரையின் பேரை அப்பா எப்போதும் சொல்லுவார்" என்கிறார். உடனே நான் கடிகாரத்தின் கண்ணாடி மாற்றப்பட்டதா என்று கேட்கிறேன். எட்டு மாதம் கழித்து அவர் காலமானார். 12-ஆவது கம்பெனியின் நாட்குறிப்பில் அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன; அவற்றில் எது அவர் சொல்ல வந்த பெயர் என்று எனக்குத் தெரியாது.